நாளுக்கு ஒரு பிடி

"சாமான் குறையக் குறைய மனம் லேசாகும் எண்டு சொல்லுறியள் பிள்ளை. 2009இல எங்களிட்ட ஒரு சாமானும் இருக்கேல்லை. அப்ப எங்கட மனம் லேசாகவோ இருந்தது?"

2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் விசுவமடுவுக்கு அண்மையில் உள்ள கிராமம் ஒன்றில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில், ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று நான் எளிமையான வாழ்வு பற்றிப் பேசப் போயிருந்தேன். நாளுக்கு ஒரு பொருளாகத் தம்மிடம் உள்ளவற்றைப் பிறருக்குக் கொடுத்து, தேவையானவற்றோடு மட்டும் வாழப் பழகுகின்றவர்கள் உலகில் பல இடங்களில் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். கூட்டத்தில் இருந்த இருபத்தைந்து பெண்களும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா மட்டும் எழும்பி இப்படிக் கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத் தேடியதால் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

வழியில் விட்டவை

நானும் அந்த வழியால் வந்தவள்தான். 2008இல் அக்கராயனில் இருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சாமான்கள் இருந்தன. கூரைத் தகரம், கதவு நிலை, அம்மாவின் தையல் இயந்திரம், அலுமாரி, நெல் மூட்டைகள் என எல்லாவற்றையும் ஏற்றினோம். தர்மபுரத்தில் அலுமாரியை விட்டோம். விசுவமடுவில் கதவு நிலைகளை விட்டோம். உடையார்கட்டில் உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் இல்லாமல் போனது. சுதந்திரபுரத்தில் தையல் இயந்திரத்தை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு சாக்கைப் போர்த்துவிட்டு அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். 2009 சித்திரை 20ஆம் திகதி மாத்தளனில் இருந்து வெளியேறியபோது எங்களிடம் இருந்தவை ஒரு அலுமினியப் பானை, அடையாள அட்டைகள் சுற்றிய ஒரு பொலித்தீன் பை, உடுத்த உடுப்பு ஆகியவை மட்டுமே.

நாளுக்கு ஒரு பொருள் எங்களை விட்டுப் போனது உண்மை. ஆனால் நாங்கள் அவற்றைக் கொடுக்கவில்லை. அவை எங்களிடமிருந்து பறிபோயின. கொடுப்பவருக்குக் கொடுக்காமல் இருக்கவும் உரிமை இருக்கிறது. எங்களுக்கு அந்த உரிமை இருக்கவில்லை. இழப்பையும் ஈகையையும் ஒன்றாக்கிப் பேசியதுதான் அன்றைய கூட்டத்தில் நான் விட்ட பிழை.

எனினும் அந்த நாட்களிலேயே உண்மையான கொடுத்தலும் நடந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கூறைச் சேலையைக் கூட வெட்டி மண்மூட்டை தைத்து, பக்கத்துப் பிள்ளைகளின் பங்கருக்கும் சேர்த்து அடுக்கிய பெண்கள் எத்தனை பேர்! தேங்காய்ப்பால் இல்லாமல், உப்பும் அரிசியும் மட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியைத் தெரியாத பிள்ளைகளின் கையிலும் ஊற்றினார்கள். இன்று ஒவ்வொரு வைகாசியிலும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்ந்து நினைவுகூருகிறோம். எமது துயரத்தின் அடையாளமாக நாம் தெரிந்துகொண்டது ஒரு பகிர்ந்த உணவையே.

மீண்டும் நிறைந்த வீடுகள்

செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் ஊர் திரும்பிய நாங்கள், வெறும் நிலத்தில் தறப்பாள் கட்டித் தொடங்கினோம். பின்னர் வீட்டுத்திட்டம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் சாமான்கள் வந்தன. சாமான்களுக்குப் பின்னால் கடன் வந்தது.

எல்லாவற்றையும் இழந்தவள் கிடைத்த எல்லாவற்றையும் இறுகப் பிடித்துக்கொள்வது இயற்கை. வெறும் பால்மா ரின், உடைந்த வாளி, நிவாரணத்தில் வந்த கிழிந்த நுளம்பு வலை என்று எமது வீடுகளில் எத்தனை பொருட்கள்! "இனியும் ஓட வேண்டி வந்தால் உதவும்" என்று ஓர் அக்கா என்னிடம் சொன்னார். அதைப் பேராசை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அது பயம்.

ஆனால் அந்தப் பயத்தை விற்பனைக்காரர்கள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். கதிரைத் தொகுதியும் குளிர்சாதனப் பெட்டியும் தவணை முறையில் வாசலுக்கே வந்தன. கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்நிதிக் கடன்கள் எமது பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை மோசமாகியிருந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்தக் கதிரைத் தொகுதியை அரைவிலைக்கு விற்று அரிசி வாங்கிய குடும்பங்களையும் நான் கண்டேன்.

மார்கழியில் ஒரு முயற்சி

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு முடிவெடுத்தேன். பிறருக்குச் சொல்வதை முதலில் நான் செய்து பார்க்க வேண்டும். மார்கழி முழுவதும் நாளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன்.

முதல் ஏழு நாட்களும் மிக இலகுவாக இருந்தன. ஏனென்றால் எனக்கு வேண்டாதவற்றைத்தான் கொடுத்தேன். அதைக் கொடுத்தல் என்பதிலும் பார்க்க வீடு துப்புரவாக்கல் என்றே சொல்லலாம். எட்டாம் நாள் ஒரு பழைய சேலையை அயல்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதை நீங்கள் உடுப்பியளோ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் சுட்டது.

2004 மார்கழி 26இல் கடல்கோள் வந்த பின்னர் நடந்தது அப்போது நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டின் கரையோரங்களில் கிழிந்த, பொருந்தாத உடுப்புகள் மலைமலையாகத் தெருவோரங்களில் கிடந்தன. அனுப்பியவர்கள் மனநிறைவு அடைந்திருப்பார்கள். பெற்றவர்களோ குனிந்து பொறுக்க வேண்டியிருந்தது. டெல்லியில் 1999இல் அன்சு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு அந்த உடுப்புகளைச் சேகரித்துத் தரம் பிரித்து, வேறு பாவனைக்கு உரியவையாக மாற்றும் வேலையில் இறங்கியது. பழைய பருத்தித் துணிகளைச் சுத்தம் செய்து, பெண்களின் மாதவிடாய்க்கால அணையாடைகளாகத் தைக்கும் வேலையையும் அந்த அமைப்பு செய்கிறது. பழைய பொருளைக் கொடுப்பதில் பிழையில்லை. அதைத் தோய்த்து, தைத்து, எவருக்கு உதவும் என்று யோசித்துக் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

பதினைந்தாம் நாள் முதற் சம்பளத்தில் வாங்கிய சேலையைக் கொடுத்தேன். பல்கலைக்கழகம் போகும் ஒரு பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு வந்து காட்டியபோது, அது என் அலுமாரியில் பத்து வருடம் சும்மா கிடந்தது என்பதை நினைத்து வெட்கப்பட்டேன். இருபத்தோராம் நாள் கொடுப்பதற்குப் பொருள் எதுவும் அகப்படவில்லை. ஓர் அக்காவுக்கு அஸ்வெசும மேன்முறையீடு எழுதிக் கொடுப்பதில் இரண்டு மணித்தியாலம் போனது. அன்றைய கொடுப்பனவு அதுதான் என்று எண்ணிக்கொண்டேன். இலங்கையில் 1958இல் சர்வோதய இயக்கத்தைத் தொடங்கிய ஏ.ரி. ஆரியரத்ன சிரமதானத்தை அதன் அடிப்படையாகக் கொண்டதும் இதற்காகத்தானே! கையில் பொருள் இல்லாதவரிடமும் கொடுக்க உழைப்பு இருக்கிறது.

கடைசி நாளுக்கு நான் ஒதுக்கி வைத்திருந்தது முகாமில் தந்த தறப்பாள். அம்மா அதைப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேலாக மடித்துக் கட்டிலின் கீழ் வைத்திருந்தார். எத்தனை தடவை கேட்டும் தரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அந்த வருடம் கார்த்திகைக் கடைசியில் பெய்த பெருமழையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பத்தின் கூரை பழுதாகியிருந்தது. மார்கழி முப்பத்தோராம் திகதி நான் வேலையால் வந்தபோது கட்டிலின் கீழ் வெறுமையாக இருந்தது. "அதுகள் நனையுதுகள் பிள்ளை. எங்களுக்கு இப்ப கூரை இருக்குத்தானே" என்று மட்டும் அம்மா சொன்னார். முப்பது நாள் நான் கொடுத்தவை எல்லாவற்றிலும் பெரியது அவர் கொடுத்த அந்த ஒன்று. ஏனெனில் அதனோடு அவர் கொடுத்தது தன் பயத்தை.

எமக்குத் தெரிந்த வழி

இது எமக்குப் புதிய விடயமும் அல்ல. சோறு சமைக்க அரிசி அளந்தவுடன் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துப் புறம்பான பானையில் போடும் பிடியரிசி வழக்கம் எமது பாட்டிமாருடையது. கோவில்களுக்கும் மடங்களுக்கும் பாடசாலைகளுக்கும் அந்தப் பிடியரிசி உதவிய காலம் உண்டு. இந்தியாவின் வடகிழக்கில் உள்ள மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் நூறு வருடங்களுக்கு மேலாக இதையே செய்து வருகிறார்கள். ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கு ஒதுக்குகிறார்கள். மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபியில் முதற் பிச்சையிட்டவள் ஆதிரை என்ற குடும்பப் பெண்தான் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கலைக்கல்லூரியில் நூலகராக இருந்த 'பாலம்' கலியாணசுந்தரம், தமது சம்பளம் முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, வேறு சிறு வேலைகள் செய்து தம் வயிற்றைப் பார்த்துக்கொண்டவர். 2023இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. போற்றத்தக்க வாழ்வு. ஆனால் அவர் திருமணம் செய்யாதவர். மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் ஒரு தாயிடம் அதைக் கேட்க முடியாது. அவளுக்குப் பொருத்தமானது முழுச் சம்பளமல்ல, ஒரு பிடி.

ஒரு பிடியை ஏறத்தாழ 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. இருபத்தைந்து வீடுகளில் 37 கிலோவுக்கும் மேல். மாரியில் கூலிவேலை இல்லாத இரண்டு குடும்பங்களுக்கு அது போதும்.

கவனிக்க வேண்டியவை

சகோதரிகளே, நீங்களும் தொடங்க விரும்பினால் சில விடயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் இருந்தால் முதலில் கடனைக் கட்டுங்கள். பிள்ளைகளின் தேவையில் கை வைக்காதீர்கள். நீங்கள் பாவிக்க விரும்பாத நிலையில் உள்ள பொருளைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். எமது முகங்களை எத்தனை பேர் அப்படிப் படம் எடுத்தார்கள் என்பது எமக்குத் தெரியும். இன்று கொடுப்பவள் நாளை வாங்குபவளாகவும் இருக்கலாம். எனவே பெயர் வாசிக்காமல் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எளிமை என்பது நாமாக விரும்பி ஏற்பது. காணி திரும்பக் கிடைக்காதவரிடமும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடுபவரிடமும் போய் "இருப்பதோடு திருப்திப்படுங்கள்" என்று சொல்வதற்கு இந்தக் கட்டுரையை எவரும் பயன்படுத்தக் கூடாது. உரிமையைக் கேட்பதும் ஒரு பிடி கொடுப்பதும் ஒரே கையால் செய்யக்கூடியவை.

2025 தை மாதம் மீண்டும் அந்த மாதர் சங்கத்துக்குப் போனேன். நான் விட்ட பிழையைச் சொல்லி, பிடியரிசி பற்றியும் பேசினேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு நெளிந்த அலுமினியப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாத்தளனில் இருந்து அவர் கொண்டுவந்ததும் என் அம்மாவைப் போல ஒரு பானைதானாம். அதில் முக்கால்வாசிக்கு அரிசி இருந்தது.

"இது ஆரும் பறிச்சதில்லை பிள்ளை, நான் தாறது" என்று சொல்லிப் பானையை மேசையில் வைத்தார்.