தொட்டிச் செடியை மாற்றி நடும் பருவம்

சென்ற சித்திரையில் தணிக்கையின் பொருட்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவரின் இல்லத்தில் தறியைப் பார்வையிட்டு வெளிவருகையில், முற்றத்தில் ஒரு பழைய தகர டப்பாவில் குண்டுமல்லிச் செடி நிறைய அரும்பெடுத்து நிற்கக் கண்டேன். அருகில் புதிய மண் தொட்டி ஒன்று இருந்தது.

“டப்பா துருப்பிடித்துவிட்டது, ஐயா. இன்று மாலை தொட்டிக்கு மாற்றப் போகிறேன்” என்றார் அவ்வீட்டு அம்மையார்.

“வேண்டாம், அம்மா. டப்பா கார்த்திகை வரை தாங்கும். இப்போது மாற்றினால் அரும்பு அவ்வளவும் உதிர்ந்துவிடும்” என்றேன்.

அத்துணை உறுதியாகக் கூறியதற்குக் காரணம் உண்டு. முந்தைய ஆண்டில் என் வீட்டில் நானே அப்பிழையைச் செய்தேன். மொட்டு நிறைந்த செடி ஒன்றை வாங்கி வந்த அன்றே பெரிய தொட்டியில் நட்டேன். நான்கே நாட்களில் மொட்டுகள் உதிர்ந்தன, இலைகளும் பழுத்தன.

இதன் காரணம் எளிது. செடிக்கு நீரை உறிஞ்சித் தருபவை மெல்லிய சல்லிவேர்கள். பெயர்த்து நடுங்கால் அவற்றுட் பல அறுபடுகின்றன. பூக்கும் செடிக்கோ நீர் மிகுதியாக வேண்டும். வரவு குன்றிச் செலவு மிகுந்த குடும்பம் போலச் செடி தத்தளித்து, முதலில் அரும்பையே கைவிடுகிறது. பாவு தறியிலிருக்கும்போது தறியை இடம் மாற்றுவார் உண்டோ? சேலையை அறுத்து இறக்கிய பின்னரே அவ்வேலை. செடிக்கும் அதுவே விதி.

ஆகவே பூ முடிந்து, புதுத் தளிர் விடுமுன் உள்ள ஓய்வுக் காலமே ஏற்றது. மல்லிகைக்கு நவம்பர் கடைசி வாரமும், சாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரமும், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரமும் கவாத்து செய்வது நம் நாட்டு வழக்கம். தொட்டி மாற்றுவதையும் அத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டு முழுவதும் விட்டுவிட்டுப் பூக்கும் ஆந்தூரியம் போன்றவற்றிற்கு ஒரு முறை பூத்து ஓய்ந்த இடைவெளியைத் தேர்க. செண்டுமல்லி போன்ற பருவச் செடிகளை அரும்பு கட்டுமுன், நாற்றாக இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

புதுத் தொட்டி பழையதினும் இரண்டு அங்குலம் அகன்றிருந்தால் போதும். அடித்துளையின்மேல் ஓட்டுச்சில்லு வைத்து, செம்மண் இரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து இடுக. முதல் நாளே நீரூற்றி, மறுநாள் வேர்மண் உதிராது பெயர்த்து நடுக. ஒரு வாரம் நிழலில் வைத்துப் பின் வெயிலுக்குக் கொணர்க. ஒரு மாதம் வேறு உரம் வேண்டுவதில்லை.

தொட்டி உடைந்தாலும் வேர் அழுகினாலும் பருவம் பார்த்தல் கூடாது. அரும்புகளைக் கிள்ளிவிட்டு உடனே மாற்றுக. அவ்வாண்டுப் பூ போயினும் செடி பிழைக்கும்.

பங்குனி இறுதியில் மீண்டும் அச்சங்கத்திற்குச் சென்றேன். அம்மையார் நான் சொன்னவாறே கார்த்திகையில் மாற்றியிருந்தார். புதுத் தொட்டியில் கிளைதோறும் அரும்பு கட்டியிருந்தது. “போன வருஷப் பூவும் போகவில்லை; இந்த வருஷப் பூவும் வந்துவிட்டது, ஐயா” என்றார். அங்கத்தினர்கள் தொட்டியை இன்றே வாங்கி வைக்கலாம். செடியை மட்டும் பூ முடியும்வரை அசைக்க வேண்டாம்.