கொலோனியா ரோமா

கொலோனியா ரோமா என்பது மெக்சிக்கோவின் தலைநகரான மெக்சிக்கோ நகரில் அமைந்துள்ள பழைய குடியிருப்புப் பகுதியாகும். நகரின் வரலாற்று மையத்துக்குத் தென்மேற்கே, குவாட்டெமோக் ஆட்சிப் பிரிவில் இது உள்ளது. நகரத்தின் குடியிருப்புப் பகுதிகளை மெக்சிக்கோ மக்கள் "கொலோனியா" என்று அழைக்கின்றனர். இப்பகுதி ரோமா நோர்த்தே (வடக்கு), ரோமா சூர் (தெற்கு) என இரண்டாக அறியப்படுகிறது.

வரலாறு

எசுப்பானியர் வருகைக்கு முன்பே இங்கு அசுதகல்கோ என்ற சிற்றூர் இருந்தது. பின்னாளில் அது லா ரோமித்தா எனப் பெயர் பெற்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போர்பிரியோ தியாசின் ஆட்சிக் காலத்தில், செல்வந்தர்களுக்கான புதிய குடியிருப்பாக ரோமா திட்டமிடப்பட்டது. சர்க்கசு நிறுவன உரிமையாளர் வால்டர் ஓரின், பெட்ரோ லாசுகுராயின் ஆகியோர் இத்திட்டத்தில் பங்கு பெற்றனர். லாசுகுராயின் 1913-இல் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர்.

இந்தியப் புரட்சியாளர் எம். என். ராய் மெக்சிக்கோவில் வாழ்ந்தபோது இப்பகுதியின் மெரிதா தெருவில் குடியிருந்தார். 1919-இல் மெக்சிக்கோ பொதுவுடைமைக் கட்சி உருவாவதில் அவர் முக்கியப் பங்காற்றினார்.

கட்டடக்கலை

மரங்கள் வரிசையாக நிற்கும் அகன்ற சாலைகளும் பிரெஞ்சு பாணி மாளிகைகளும் இப்பகுதியின் அடையாளங்கள். 1911-இல் கட்டப்பட்ட லாம் இல்லம் பின்னர் பண்பாட்டு மையமாக மாறியது. ரியோ டி ஜெனீரோ சதுக்கத்தில் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையின் படி ஒன்று நிற்கிறது.

சரிவும் நிலநடுக்கமும்

நகரம் விரிவடைந்தபோது செல்வந்தர்கள் போலாங்கோ போன்ற புதிய பகுதிகளுக்குச் சென்றனர். 1940-களில் அரசு பல வீடுகளின் வாடகையை உயராமல் நிறுத்தி வைத்தது. எளிய குடும்பங்கள் இங்கு தங்க இது உதவியது. ஆனால், உரிமையாளர்கள் பலர் கட்டடங்களைப் பராமரிக்கவில்லை.

மெக்சிக்கோ நகரின் இப்பகுதி பழைய ஏரிப்படுகையின் மென்மையான மண்மீது அமைந்துள்ளது. அம்மண் நில அதிர்வைப் பெருக்குவதால், தொலைவில் ஏற்படும் நிலநடுக்கமும் இங்கு பெருஞ்சேதம் விளைவிக்கும். பசிபிக் கடற்கரையில் 1985 செப்டம்பர் 19 அன்று ஏற்பட்ட நிலநடுக்கம் ரோமாவைக் கடுமையாகத் தாக்கியது. பலர் வெளியேறினர். சரியாக 32 ஆண்டுகள் கழித்து, 2017-இல் அதே நாளில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், அல்வாரோ ஒப்ரெகோன் சாலையிலிருந்த அலுவலகக் கட்டடம் இடிந்து 49 பேர் உயிரிழந்தனர்.

குடியிருப்பு ஈர்ப்பும் சிக்கலும்

1985-க்குப் பின் வாடகை குறைந்ததால் கலைஞர்களும் இளைஞர்களும் இங்கு குடியேறினர். கலைக்கூடங்கள், புத்தகக் கடைகள், உணவகங்கள் பெருகின. நடந்தே செல்லக்கூடிய தெருக்களும், நிழல் தரும் மரங்களும், மெட்ரோ வசதியும் மேலும் பலரை ஈர்த்தன. அல்போன்சோ குவாரோன் இயக்கி 2018-இல் வெளியான "ரோமா" திரைப்படம் இப்பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது.

வெளிநாடுகளிலிருந்து இணையவழி வேலை செய்வோரின் வருகையும், வீடுகளைக் குறுகிய கால விடுதிகளாக மாற்றுவதும் பின்னர் வாடகையை உயர்த்தின. இதனால் நெடுங்காலமாக வாழ்ந்தவர்களே வெளியேற நேர்ந்தது. வாடகை உயர்வு முந்தைய ஆண்டின் பணவீக்கத்தைத் தாண்டக் கூடாது என 2024-இல் நகரில் விதி கொண்டுவரப்பட்டது. எனினும் 2025 சூலையில் ரோமா, அருகிலுள்ள கொண்டேசா ஆகிய பகுதிகளில் மக்கள் போராட்டம் நடத்தினர். நிலநடுக்கத்தின்போதும் இங்கேயே தங்கியிருந்து இப்பகுதியைக் காத்த குடும்பங்கள், அதன் இன்றைய புகழால் இடம்பெயர்வதே ரோமா எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கலாகும்.