இராமனும் கடலரசனும்: இரவிவர்மா ஓவியத்தின் பொருள்கோள்

கொந்தளிக்கும் கடல், மின்னல் வெட்டும் வானம், பாறைமீது வில்லேந்திச் சினந்து நிற்கும் இராமன், அலைகளுக்கிடையே மகளிருடன் தோன்றி இறைஞ்சும் கடலரசன் ஆகிய இவற்றை ஒருங்கே காட்டுவது இராஜா இரவிவர்மாவின் ‘வருணனை வெல்லும் இராமன்’ என்னும் ஓவியம். 1906இல் மறைந்த இவ்வோவியர் தம் இறுதிக்காலத்தில் மைசூர் அரண்மனைக்காகத் தீட்டிய புராண ஓவியங்களுள் இதுவும் ஒன்று. 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகத்தின் வண்ணப் படங்கள், தெய்வ உருவங்களை இல்லந்தோறும் பரப்பின. ஆதலின் அவர்தம் காட்சிகள் காப்பியத்தின் நேர்ப்பதிவாகவே பலரால் கொள்ளப்படுகின்றன. இக்கருத்து ஆய்வுக்குரியது.

ஓவியத்தின் பெயரை மட்டும் நோக்கும் தமிழர்க்குக் கம்பராமாயணத்து ‘வருணனை வழிவேண்டு படலம்’ நினைவுக்கு வருதல் இயல்பு. வருணன் நெய்தல் தெய்வம் எனத் தொல்காப்பியம் கூறுவதும் இதற்குத் துணையாகும். எனினும், கடலரசனை வருணன் என்னும் வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆகவே பெயர் ஒன்றே சான்றாகாது.

காட்சிக்கூறுகளை ஒப்பிடின் வேறுபாடு புலனாகும். வான்மீகத்தில் இராமன் மூன்று இரவுகள் தருப்பைப் புல்லில் கிடந்து காத்திருக்கிறான். கம்பனில் ஏழு நாள்கள். கம்பன் காட்டும் கடல் அம்பின் தீயால் வெந்து கருகும் கடல். வான்மீகத்திலோ அலைகள் மலையென எழுகின்றன; பிரமாத்திரம் தொடுத்தவுடன் வானம் இருண்டு, காற்றும் மின்னலும் பெருகுகின்றன. கடலரசன் கங்கை, சிந்து முதலிய ஆறுகள் சூழத் தோன்றுகிறான். ஓவியத்தில் தீயில்லை; புயலும் மின்னலுமே உள்ளன. உடன் தோன்றும் மகளிரைத் தேவியர் என்பதினும் ஆறுகளின் பெண்ணுரு எனக் கொள்ளலும் பொருந்தும். எனவே ஓவியம் வான்மீகத்துக்கே அணித்து எனலாம்.

இம்முடிவு பொருளையும் மாற்றுகிறது. மேனாட்டுக் கப்பலழிவு ஓவியங்களில் புயல் இயற்கையின் சீற்றம். மனிதர் அதற்கு இரையாவோர். இங்குப் புயலுக்குக் காரணமே கரையில் நிற்பவனின் சினம். அவ்வாறாயின் வானும் கடலும் வெறும் பின்புலமல்ல. இராமனின் உள்ளநிலையின் புறவடிவங்கள்.

அடைக்கலம் வேண்டும் குரல் எழுந்துவிட்டது; அம்போ இன்னும் விடுபடவில்லை. பின்னர் அது வேறோர் இலக்கை நோக்கிச் செல்லும் என்பதைக் காப்பியம் கூறும், ஓவியம் கூறாது. ‘வெல்லும்’ என்னும் பெயர் முடிவை அறிவிப்பினும், ஓவியர் தீட்டியது வெற்றியை அன்று; சினம் அருளாக மாறுதற்கு முந்தைய கணத்தையே ஆகும். காப்பியம் அறிந்தோர் அடுத்த நிகழ்ச்சியை ஓவியத்தில் ஏற்றிக் காணாது, காட்டப்பட்டதையே முதற்கண் நோக்குதல் பொருள்கோளுக்கு இன்றியமையாதது.