கழலையிலிருந்து கற்ற வித்தை

ரோஜா, ஆப்பிள், திராட்சைச் செடிகளில், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் சில சமயம் முண்டும் முடிச்சுமாக ஒரு கழலை கிளம்பும். முதலில் வெளிறி மெத்தென்று இருக்கும். நாளாக ஆகக் கறுத்து, மரக்கட்டை போல இறுகிவிடும். இது எதனால் வருகிறது என்று 1907-ல் கண்டு சொன்னவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் எர்வின் ஸ்மித்தும் சார்லஸ் டவுன்சென்டும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாதான் காரணம். அக்ரோபாக்டீரியம் டூமிபேசியன்ஸ் என்று பின்னாளில் அதற்குப் பெயர் நிலைத்தது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் அது இன்னொரு பயிர் நோய், அவ்வளவுதான். 1940-களில் ஆர்மின் பிரான் என்னும் ஆய்வாளர் ஒரு புதிரைக் கிளப்பினார். கழலைத் திசுவிலிருந்து பாக்டீரியாவை அடியோடு நீக்கிய பிறகும் கழலை வளர்ந்துகொண்டே இருந்தது. சாதாரணச் செடித் திசுவைச் சோதனைக்கூடத்தில் வளர்க்க ஹார்மோன் ஊட்ட வேண்டும். இதற்கு அதுவும் தேவைப்படவில்லை. பாக்டீரியா போன பிறகும் அதன் கட்டளை செடிக்குள்ளேயே தங்கிவிட்டது.

அந்தக் கட்டளை எங்கே எழுதப்பட்டிருந்தது? பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஜெஃப் ஷெல், மார்க் வான் மாண்டகு குழுவினர் 1974-ல் அதை நெருங்கினார்கள். நோய் தரும் பாக்டீரியாவில் மட்டும் பிளாஸ்மிட் என்னும் பெரியதொரு டி.என்.ஏ. வளையம் இருந்தது. 1977-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் மேரி-டெல் சில்டன் குழு, அந்த வளையத்தின் ஒரு துண்டு செடியின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டியது. ஒரு பாக்டீரியா தன் மரபணுக்களைச் செடிக்குள் நட்டுவிட்டுப் போகிறது! நான் படித்த உயிரியலில் இதைவிட வியப்பூட்டியது அதிகமில்லை.

அந்தத் துண்டில் இருக்கும் மரபணுக்கள் இரண்டு காரியம் செய்கின்றன. ஒன்று, வளர்ச்சி ஹார்மோன்களைச் சுரக்க வைத்துக் கழலையைப் பெருக்குவது. இன்னொன்று, ஓபைன் என்னும் பொருளைத் தயாரிக்க வைப்பது. செடிக்கு ஓபைனால் ஒரு பயனும் இல்லை. உணவாக்கிக்கொள்வது அந்த பாக்டீரியாதான். செடியின் உழைப்பில் தனக்கு மட்டும் சமையல் நடக்க ஏற்பாடு செய்துகொள்கிறது.

மனிதனுக்குக் கைகொடுத்தது வேறொரு நுணுக்கம். துண்டின் இரு முனைகளிலும் 25 டி.என்.ஏ. எழுத்து நீளத்தில் எல்லைக்குறிகள் உண்டு. அவற்றுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று பாக்டீரியா பார்ப்பதில்லை. இருப்பதை வெட்டி அனுப்பிவிடும். ஆகவே கழலை மரபணுக்களை எடுத்துவிட்டு, வேண்டிய மரபணுவை அந்த இடத்தில் வைத்தால் போதும். 1983-ல் சில்டன் குழு, கென்ட் குழு, மான்சான்டோ நிறுவனக் குழு மூன்றும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைச் செய்துகாட்டின.

சோதனைக்கூடத்தில் இந்த வேலை சமையலறைப் பக்குவத்தோடு நடக்கிறது. கிருமி நீக்கிய புகையிலை இலையைச் சிறு வில்லைகளாக வெட்டி, பாக்டீரியா கலந்த நீரில் சில நிமிடம் முக்கி, வடிதாளில் ஒற்றி எடுக்கிறார்கள். வெட்டு விளிம்பு முக்கியம். காயம்பட்ட செடியில் அசிட்டோசிரிங்கோன் போன்ற பொருள்கள் கசியும். பாக்டீரியாவுக்கு அதுதான் அழைப்பு. இரண்டு மூன்று நாளில் மரபணு மாற்றம் முடிந்துவிடும். பிறகு வில்லைகளை வேறு தட்டுக்கு மாற்றுகிறார்கள். அதில் ஒரு மருந்து மிச்ச பாக்டீரியாவைக் கொல்லும். கேனமைசின் என்னும் இன்னொன்று, புது மரபணுவைப் பெறாத செல்களை வளரவிடாது. பெற்றவை மட்டும் தப்புவதற்காக, கேனமைசினைத் தாங்கும் மரபணு ஒன்றையும் கூடவே அனுப்பியிருப்பார்கள். சில வாரங்களில், வெளுத்துப்போன வில்லைகளின் விளிம்பில் பச்சையாய்க் குருத்துகள் எட்டிப் பார்க்கும். அவற்றை வெட்டி வேர்விட வைத்துத் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

இயற்கையில் இந்த பாக்டீரியா நெல்லைத் தாக்குவதில்லை. அதனால் தானியங்களுக்கு இந்த வழி உதவாது என்றே பலர் நினைத்தார்கள். 1994-ல் ஜப்பான் டொபாக்கோ நிறுவனத்தின் ஹியெய் குழு, நெல் திசுவோடு அசிட்டோசிரிங்கோனைத் தாங்களே சேர்த்து அந்தக் கதவைத் திறந்தது. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸுக்கோ இத்தனை பாடும் வேண்டாம். பூக்கும் பருவத்தில் செடியைப் பாக்டீரியாக் கரைசலில் தலைகீழாக முக்கினால், விளையும் விதைகளில் சிலவற்றில் மரபணு ஏறியிருக்கும்.

'இயற்கைக்கு விரோதம்' என்று இந்த முறையைச் சொல்பவர்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை நினைத்துப் பார்க்கலாம். 2015-ல் வெளியான ஆய்வில், பரிசோதித்த 291 சாகுபடி வகைகள் அத்தனையிலும் அக்ரோபாக்டீரியத்தின் மரபணுக்கள் இருந்தன. அதற்காக எந்த மரபணுவை ஏற்றினாலும் சரி என்று ஆகிவிடாது. எதை ஏற்றுகிறோம், யாருக்காக என்பதை ஒவ்வொரு பயிரிலும் தனித்தனியாகக் கேட்கத்தான் வேண்டும்.

என் கவலை வேறு. மரபணுவைக் கொண்டு சேர்ப்பது பாக்டீரியாவுக்கு இரண்டு மூன்று நாள் வேலை. மரபணு ஏறிய ஒற்றைச் செல்லிலிருந்து முழுச் செடியை எழுப்புவதுதான் மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை. 2002-ல் இந்தியாவுக்கு வந்த, மரபணு மாற்றிய பி.டி. பருத்தியின் மரபணுவை முதலில் ஏற்றியது கோக்கர் 312 என்னும் அமெரிக்க ரகத்தில். காரணம், அது திசுவிலிருந்து எளிதாகத் துளிர்க்கும். அதோடு நம் ரகங்களைத் திரும்பத் திரும்பக் கலப்புச் செய்துதான் மரபணுவை இங்கே கொண்டுவந்தார்கள். துவரையும் உளுந்தும் கொண்டைக்கடலையும் அப்படி எளிதில் துளிர்ப்பவை அல்ல. தனியார் நிறுவனம் இதற்காகப் பல ஆண்டு காத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் வேளாண் பல்கலைக்கழகங்கள் பருப்புப் பயிர்களின் திசு வளர்ப்புக்குப் பணமும் ஆளும் பொறுமையும் ஒதுக்க வேண்டும்.