மர சால்ட் கிரைண்டர் வாங்கப் போறீங்களா? மரத்தைப் பார்க்காதீங்க, பல்லைப் பாருங்க



கிரைண்டர்னு சொன்னதும் மாவு ஆட்டுற கிரைண்டர் ஞாபகம் வருதா? இது அது இல்லைங்க. மேல் மூடியைக் கையால் திருகினால் கீழே உப்பு தூளாக விழுமே, அந்த மரக் குடுவை. புதுசா வேலைக்குச் சேர்ந்து, வாடகை வீட்டில் கிச்சன் செட் பண்றவங்களோட ஆன்லைன் கார்ட்டில் இது எப்படியும் வந்து உட்கார்ந்துடும். 400 ரூபாய்க்கும் இருக்கு, 4,000 ரூபாய்க்கும் இருக்கு. போட்டோவில் ரெண்டும் ஒரே மாதிரி. அப்போ எதுக்குக் காசு கொடுக்கிறோம்?

முதல் கேள்வி: தேவையா?

மிளகை அரைத்த உடனே போட்டால் வாசனை தூக்கலா இருக்கும். காரணம், அதில் இருக்கும் வாசனை எண்ணெய் அரைத்த பிறகு மெல்ல மெல்லப் பறந்துவிடும். உப்பில் அப்படிப் பறந்துபோக எதுவும் இல்லை. இன்று அரைத்தாலும், போன மாசம் அரைத்தாலும் உப்பு உப்புதான்.

அப்போ சால்ட் கிரைண்டரால் என்ன லாபம்? சாலட், முட்டை, வெட்டிய மாங்காய் மேல் தூவும்போது பொடி எவ்வளவு நைசா இருக்கணும்னு நீங்களே முடிவு பண்ணலாம். கொஞ்சம் கொஞ்சமாத் தூவலாம். அவ்வளவுதான். சாம்பாருக்கும் பொரியலுக்கும் மட்டும் உப்பு போடுறவங்களுக்கு ஒரு ஸ்பூன் போதும். அப்படிப்பட்டவங்க இந்தப் பணத்தை எஸ்ஐபியில் போட்டுட்டு அடுத்த வேலையைப் பாருங்க.

வேணும்னா, காசு போக வேண்டிய இடம்

குடுவையின் அடியில், ஒன்றுக்குள் ஒன்று சுற்றும் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும். உண்மையான பொருள் அதுதான். மரம் அதுக்குச் சட்டை.

சாதாரண ஸ்டீல் பல் மிளகுக்குச் சரி. உப்பும் ஈரக் காற்றும் சேர்ந்தால் அது துருப்பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இருக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். உப்புக்குச் செராமிக் பல் நல்லது. உப்பு அதை அரிக்காது. கார் கம்பெனியா நமக்குத் தெரிந்த பிரான்சின் பியூஜோ 1874-லேயே மிளகு அரைக்கும் மில் செய்தது. அந்தப் பெயரில் வரும் மில்களில்கூட மிளகுக்கு ஒரு வகைப் பல், உப்புக்கு வேறு வகைப் பல்.

அதனால் 'சால்ட், பெப்பர் ஜோடி செட்' வாங்கும்போது கவனம். ரெண்டிலும் ஒரே ஸ்டீல் பல் இருந்தால், நீங்க வாங்குறது ஒரு பெப்பர் மில்லும் ஒரு ஷோகேஸ் பொம்மையும்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான். தினமும் 1 கிராம் உப்பு அரைக்கிறீங்கன்னு வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 365 கிராம். 5 வருஷத்துக்கு சுமார் 1.8 கிலோ. உப்பு கிலோ 100 ரூபாய்னா, 5 வருஷ உப்புச் செலவு சுமார் 180 ரூபாய்.

ஏ: 500 ரூபாய் ஸ்டீல் மில். வருஷத்துக்கு ஒன்று மாற்ற வேண்டி வந்தால் 2,500 ரூபாய். உப்போடு 2,680.

பி: 1,600 ரூபாய் செராமிக் மில். 5 வருஷம் உழைத்தால் உப்போடு 1,780. நாளுக்கு ஒரு ரூபாய்க்கும் கீழே.

சி: மூடியிலேயே பிளாஸ்டிக் அரவை வைத்து வரும் 100 கிராம் உப்பு பாட்டில், 200 ரூபாய். 5 வருஷத்துக்கு சுமார் 3,650!

இதில் நம்மை ஏமாற்றுவது சி தான். 200 ரூபாய்தானேன்னு தோணும். ஆனா அது கிலோ 2,000 ரூபாய் உப்பு. பாக்கெட்டில் எம்ஆர்பி பக்கத்தில் 'யூனிட் சேல் பிரைஸ்'னு ஒரு கிராமுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கும். அந்த வரியைப் படிக்கிற பழக்கம் உப்புக்கு மட்டும் இல்லை, மொத்த மளிகை பில்லுக்கும் உதவும்.

அதே சமயம் 4,000 ரூபாய் மில் 1,600 ரூபாய் மில்லைவிட இரண்டரை மடங்கு உழைத்தால்தான் அந்த விலைக்குக் கணக்கு சரியா வரும். பல்லுக்கு எத்தனை வருஷம் வாரண்டின்னு பாருங்க. வாரண்டி ரெண்டுக்கும் ஒன்றுதான்னா, மிச்சப் பணம் அழகுக்குப் போகுது. அழகுக்குக் கொடுப்பது தப்பில்லை, தெரிந்து கொடுங்க.

வாங்கும்போது பார்க்க வேண்டிய 4 விஷயம்

1. விவரத்தில் 'செராமிக்'னு தெளிவா எழுதியிருக்கணும். வெறும் 'பிரீமியம் மெக்கானிசம்'னு இருந்தால் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

2. நைசு, கொரகொரப்பு மாற்றும் திருகு எங்கே இருக்கு? மேல் குமிழில் இருந்தால் ஒவ்வொரு முறை உப்பு நிரப்பும்போதும் மறுபடி செட் பண்ணணும். அடியில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

3. உப்பு போடும் வாய் அகலமா இருக்கா?

4. பீச், அக்கேசியா, தேக்கு மாதிரி கெட்டியான மரமா? விரிசல், ஒட்டுப் போட்ட கோடு இருந்தால் வேண்டாம்.

உள்ளே என்ன உப்பு?

ஈரப்பதம் உள்ள கல்லுப்பைப் போடாதீங்க, பல்லில் அப்பிக்கும். நன்றாகக் காய்ந்த, சின்னக் கல்லா இருக்கிற உப்புதான் சரி.

இந்துப்பு, அதாவது பிங்க் சால்ட், பெரும்பாலும் அயோடின் சேர்க்காமல்தான் வருது. அதிலும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். கலர் மாறினதால் சோடியம் குறையாது. தைராய்டு சரியா வேலை செய்ய அயோடின் வேணும். அதனால் சமையலுக்கு அயோடின் உப்பையே வைத்துக்கோங்க, மேலே தூவ மட்டும் இது. எந்த உப்பா இருந்தாலும் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன்.

5 வருஷம் உழைக்கணும்னா

கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே பிடித்து அரைக்காதீங்க. ஆவி உள்ளே போய் உப்பு கட்டியாகும். கையில் அரைத்துப் போடுங்க. தண்ணீரில் கழுவாதீங்க, காய்ந்த துணியால் துடைத்தால் போதும். செராமிக் துருப்பிடிக்காது, ஆனா கீழே விழுந்தால் உடையலாம்.

சுருக்கமா: தேவை இல்லைன்னா ஸ்பூன். தேவைன்னா செராமிக் பல் உள்ள ஒரே ஒரு மில், ஒரு தடவை, கையில் இருக்கிற காசில். இதுக்கெல்லாம் நோ காஸ்ட் இஎம்ஐ வேண்டாமே, ப்ளீஸ்!