உங்களுக்குத் தெரியுமா? வீடு திரும்பினாலும் கழற்றக் கூடாத பெயர் அட்டை

மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் இளைஞர்கள் 2 ஆண்டுகளும் இளம்பெண்கள் 18 மாதங்களும் மதப் பரப்பு ஊழியத்துக்காக வீட்டைப் பிரிந்து போகிறார்கள். எந்த நாட்டுக்கு என்பதைச் சபையின் தலைமையகம்தான் முடிவு செய்கிறது. அங்கே தனியாக எங்கும் போகக் கூடாது, எப்போதும் ஒரு துணை ஊழியர் கூடவே இருப்பார். 2019 பிப்ரவரி வரை, வீட்டாரோடு தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டே நாள்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம்.

அதனால்தான் அவர்கள் திரும்பும் நாளில், சபையின் தலைமையகம் உள்ள அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் பலூன்களும் வரவேற்புப் பதாகைகளுமாகக் குடும்பமே திரண்டு நிற்கும். 2020-இல் திறந்த புதிய கட்டடத்தில், வரவேற்க வருவோர் காத்திருக்கவென்றே ஓர் அறை இருக்கிறது! அதே ஆண்டு மார்ச்சில், கொரோனா பரவியதால் பிலிப்பைன்ஸில் இருந்த ஊழியர்களைத் தனி விமானங்களில் அழைத்து வந்தபோது, தள்ளி நிற்கச் சொல்லியும் கேளாமல் நூற்றுக்கணக்கானோர் வாகன நிறுத்தத்தில் கூடிவிட்டார்கள். பெற்ற மனம்!

அம்மா கட்டியணைத்து அழுத பிறகும் அந்தப் பிள்ளை இன்னும் ஊழியர்தான். சட்டைப் பையில் குடும்பப் பெயரும் சபையின் பெயரும் பொறித்த கறுப்பு அட்டை அப்படியே இருக்கும். சபையின் வட்டாரத் தலைவரைச் சந்தித்து, அவர் முறைப்படி விடுவித்த பிறகே அதைக் கழற்றலாம். அதைக் கழற்றும்போது கண்கலங்குவோர் பலர். அதுவரை ‘எல்டர்’ (மூப்பர்) என்று அழைக்கப்பட்ட இளைஞரை, மறுநாள் காலை வீட்டில் பழையபடி பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.