காற்றைத் தள்ளுவது யார்?

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எஞ்சினுக்குள் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சுவது எளிது. அதற்கு ஈடான காற்றைத் திணிப்பதுதான் பெரும்பாடு. கார் பொறியாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டுவது இந்தக் காற்றோடுதான்.

அதற்கான இரு கருவிகள் சூப்பர்சார்ஜரும் டர்போவும். இவற்றில் சூப்பர்சார்ஜர் மூத்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற காற்றூதி, முதலில் உலைகளுக்கு ஊதும் துருத்தியாகத்தான் பயன்பட்டது. பின்னாளில் அது கார் எஞ்சினின் மேல் ஏறியது. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டோடு பெல்ட்டால் பிணைந்திருப்பதால், ஆக்சிலேட்டரை மிதித்ததுமே காற்று நெருக்கிக்கொண்டு உள்ளே போகும். ஆனால் அதைச் சுழற்றுவதற்கும் எஞ்சினே உழைக்க வேண்டும். 2014-ல் அறிமுகமான டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் கார் 707 குதிரைத்திறன் கொண்டது. அதன் சூப்பர்சார்ஜர் மட்டுமே உச்சத்தில் 80 குதிரைத்திறன் அளவுக்கு விழுங்கிவிடுகிறது. நம் ஊர்ச் சிறிய கார் ஒன்றின் மொத்தத் திறனே அவ்வளவுதான்!

டர்போ வேறு வழியில் போகிறது. சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகையைக் கொண்டே சக்கரத்தைச் சுழற்றிக் காற்றைத் தள்ளலாம் என்று 1905-ல் காப்புரிமை பெற்றார் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஹி. அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டும். அந்த வேகத்தை எட்டும்வரை ஓட்டுநர் காத்திருக்க வேண்டும். இதுதான் டர்போ லேக். 1974-ல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த போர்ஷே 911 டர்போவில், வளைவின் நடுவே மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு 260 குதிரைத்திறனும் மொத்தமாகப் பின்சக்கரங்களில் வந்து இறங்கும். பழக்கமில்லாதவர்களின் கார் சுழன்று சாலையை விட்டே வெளியேறியது.

ஃபார்முலா ஒன்னில் 1977-ல் டர்போவைக் கொண்டுவந்த ரெனோ, எஞ்சின் புகைந்து புகைந்து நின்றதால் ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்று கேலிக்கு ஆளானது. 1979-ல் டிஜோன் பந்தயத்தில் ழான்-பியேர் ஜபுயி அதே நிறுவனத்தின் டர்போ காரில் வென்றார். கேலி நின்றது.

இரண்டையும் சேர்த்தால் என்ன? லான்சியா டெல்டா எஸ்4 ராலி கார் அதைத்தான் செய்தது. குறைந்த வேகத்தில் சூப்பர்சார்ஜர், உயர் வேகத்தில் டர்போ. 1985 நவம்பரில் முதன்முதலாக இறங்கிய ஆர்.ஏ.சி. ராலியிலேயே அதை ஓட்டிய ஹென்றி டொய்வோனன் வெற்றி பெற்றார். அழகான தீர்வு, ஆனால் எடை, விலை, பழுது எல்லாமே கூடுதல். 2005-ல் ஃபோக்ஸ்வாகன் 1.4 லிட்டர் கோல்ஃப் காரில் இதைச் சாலைக்கும் கொண்டுவந்தது. நாளடைவில் தனி டர்போவுக்கே திரும்பிவிட்டது.

காரணம், டர்போ தன் குறையைப் பெருமளவு தீர்த்துக்கொண்டது. 2022-ல் வந்த மெர்சிடீஸ்-ஏ.எம்.ஜி சி43 காரில் டர்போவின் தண்டையே சிறு மின்மோட்டார் சுழற்றிவிடுகிறது. புகைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆகவே, அன்றாடமும் ஓட்டி, எரிபொருள் செலவையும் பார்ப்பவருக்கு டர்போவே சரி. பெரிய வி8 எஞ்சினும், மிதித்த கணமே சீறும் சுகமும் வேண்டுபவருக்கு சூப்பர்சார்ஜர். சாதாரண எஞ்சினில் இவற்றில் எதையாவது பிற்பாடு பொருத்த நினைப்பவர்கள் முதலில் கம்ப்ரஷன் விகிதத்தைப் பாருங்கள். அது அதிகமாக இருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும், எஞ்சினை இயக்கும் கணினியான இ.சி.யூ.வின் சீரமைப்பும் இல்லாமல் பூஸ்டை (காற்றழுத்தத்தை) ஏற்றினால், எரிபொருள் தானாகவே வெடிக்கும் நாக்கிங் வந்து பிஸ்டனே உடையும்.